தந்தி தெரிந்த கைக்குத் தடியா?

(பேத்துப்பாறைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



மழை கொட்டினால் கம்பி அறும். கம்பி அறுந்தால் ஊர் ஊமையாகும். மலையிலே வாழும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1911இல் தோன்றிய இராணுவச் செய்தித் தொடர்புப் படையிலே, பனியிலும் பாலையிலும் அறுந்ததை இணைத்தவர்கள் உண்டு. ஓய்வுபெற்று ஊர் திரும்பினால் அவர்களுக்கு நாடு நீட்டுவது என்ன? வாயிற்காப்போன் தடி!

தமிழக அரசு 1986இல் அமைத்த டெக்ஸ்கோ பலருக்குச் சோறிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது தரும் வேலையிற் பெரும்பகுதி காவற்பணியே! பத்தாவது தேறிப் படையில் 15 ஆண்டு உழைத்தவர் பட்டதாரிப் பணிக்குத் தகுதியுடையவர் என்கிறது மைய அரசின் விதி. எந்தப் பணிக்கு? தொழில்நுட்ப அனுபவம் தேவைப்படாத பணிக்கு! எதிலே அவர் வல்லவரோ, அந்தக் கதவை அவ்விதி திறக்கவில்லை. விந்தையல்லவா?

2022இல் வந்த அக்னிபத் திட்டத்திலோ பணி நான்கே ஆண்டு. நூற்றுக்கு 25 பேர் வரையே நிலைப்பர். மற்றவர்க்குத் திறன் சான்றிதழ் தருவார்களாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா? தேர்வு வையுங்கள், தேறியவருக்குத் தொலைபேசி நிலையத்திலும் கணிப்பொறிக் கூடத்திலும் இடம் கொடுங்கள்!

சலுகை கேட்கவில்லை, தோழர்களே! எல்லையிலே நம்பிய கையை ஊரிலே நம்பச் சொல்கிறோம்.