நாள்தோறும் தோலைப் பேணல்



நம் உடலின் உறுப்புகளுள் மிகப் பெரியது எது என்று வினவினால், உங்களுள் சிலர் ஈரல் என்பீர்கள். சிலர் நுரையீரல் என்பீர்கள். நம்மை முழுவதும் போர்த்திருக்கும் தோலே அது என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்துப் பார்க்கக்கூடுமாயின், அது ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை பரப்புடையதாக இருக்கும். அதாவது, ஒருவர் படுத்துறங்கும் கோரைப்பாயின் அளவு. வெயிலையும் புழுதியையும் கிருமியையும் அது தடுக்கிறது. உள்ளிருக்கும் நீர் வீணே வெளியேறாமல் காக்கிறது. வியர்வையால் உடலின் வெப்பத்தைத் தணிக்கிறது. சுடுவதையும் குளிர்வதையும் மூளைக்கு அறிவிக்கிறது. இத்தனை வேலை செய்யும் உறுப்பைப் பற்றி நாம் எண்ணுவதெல்லாம் கண்ணாடி முன் நிற்கும்போதுதான். அப்பொழுதும் அதன் நலத்தை எண்ணுகிறோமா? நிறத்தை எண்ணுகிறோம்!

தோல் நோய்களுக்கு மருத்துவம் செய்பவன் நான். என்னிடம் வரும் இளைஞர்களுள் பெரும்பாலோர், "டாக்டர், எந்தக் கிரீமைப் பூசலாம்?" என்றே கேட்கிறார்கள். "முகத்தை எப்படிக் கழுவுவது?" என்று கேட்பவர் மிகச் சிலர். ஆனால் இரண்டாவது கேள்வியே முதலில் கேட்கத்தக்கது. ஆகையால், செலவு மிகுதியின்றி நாள்தோறும் நீங்கள் கைக்கொள்ளத்தக்க எளிய முறையொன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதில் மூன்றே பகுதிகள் உண்டு: கழுவுதல், ஈரம் காத்தல், வெயில் தடுத்தல்.

முறையைச் சொல்வதற்கு முன் தோலின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். தோலில் மேல்தோல், அடித்தோல் என இரு அடுக்குகள் உள்ளன. மேல்தோலின் வெளிப்புறத்தை ஒரு சுவருக்கு ஒப்பிடலாம். உயிரற்ற தட்டையான அணுக்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றினிடையே கொழுப்புப் பொருள் சுண்ணச் சாந்தைப் போல் பூசப்பட்டிருக்கிறது. அடியில் பிறக்கும் அணு மெல்ல மேலேறி, மேற்பரப்பை அடைந்து, உதிர்ந்து போவதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன. இதை நீங்கள் நன்கு நினைவில் வைக்க வேண்டும். 'மூன்றே நாளில் முகம் மாறும்' என்று எவரேனும் சொன்னால், அவர் தோலின் இயல்பை அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர்.

இனி, கழுவுதல். காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் முகம் கழுவினால் போதும். விளையாடி வியர்த்து வந்தால் இன்னொரு முறை கழுவலாம். எண்ணெய் வழிகிறதென்று நாளைக்கு ஏழெட்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுவோர் உண்டு. அவர்கள் அழுக்கோடு சேர்த்து, நான் சொன்ன அந்தச் சாந்தையும் கரைத்துவிடுகிறார்கள். நம் தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்புத் தன்மை உடையது; அதன் அமில அளவெண் ஏறக்குறைய 5. சாதாரணச் சோப்பின் அளவெண்ணோ 9 முதல் 10 வரை. அது காரத் தன்மை உடையது. ஆகவே மிகையாகச் சோப்புப் போடும்போது தோல் வறண்டு, இழுத்து, அரிக்கத் தொடங்குகிறது. முகம் மிக வறண்டவர்கள் சோப்பில்லாத மென்மையான கழுவுநீர்மத்தைப் பயன்படுத்துவது நன்று.

சோப்பு வாங்கும்போது அதன் உறையைப் படியுங்கள். டி.எஃப்.எம். என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அது சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு. முதல் தரக் குளியல் சோப்பில் அது 76 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. விளம்பரத்திலே தோன்றும் முகத்தைக் காட்டிலும் இந்த எண் உங்களுக்கு உண்மையான செய்தி சொல்லும். நம் வீடுகளில் பாட்டிமார் அரைத்து வைக்கும் பயத்த மாவும் நல்லதே; ஆனால் அது நன்றாகச் சலித்ததாயிருக்க வேண்டும். பரபரவென்று தேய்ப்பது எதனாலாயினும் தீங்கே. பீர்க்கங்கூடும் கல்லும் பாதத்திற்கு ஆகும், முகத்திற்கு ஆகா.

இரண்டாவது, ஈரம் காத்தல். குளித்து மூன்று நிமிடங்களுக்குள், உடல் இலேசாக ஈரமாயிருக்கும்போதே ஈரங்காக்கும் பூச்சைத் தடவிவிட வேண்டும். பூச்சு புதிதாக நீரைக் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. இருக்கும் நீரை வெளியேறாமல் மூடிவைக்கிறது. இதற்கு விலை உயர்ந்த பொருள் வேண்டுமென்பதில்லை. 1872ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாஸலின் இன்றும் வறண்ட தோலுக்குச் சிறந்த துணை. கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெயும் நன்கு உதவும். ஆயினும் முகப்பரு உள்ளவர்கள் அதை முகத்தில் தடவலாகாது. அது தோலின் நுண்துளைகளை அடைத்துப் பருவை மிகுவிக்கக்கூடும். எண்ணெய்ப் பசை உள்ள முகத்திற்கு நீர்த்தன்மை மிகுந்த மெல்லிய பூச்சே ஏற்றது. புதிய பூச்சு எதுவாயினும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, சில நாட்கள் பார்த்துவிட்டு, பிறகு முகத்தில் பூசுங்கள்.

மூன்றாவது, வெயில் தடுத்தல். கதிரவனின் ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றுள் ஒரு வகை தோலைச் சுட்டுச் சிவக்கச் செய்கிறது. மற்றொரு வகை ஆழமாகப் புகுந்து, தோலைக் கருக்கச் செய்து, காலப்போக்கில் சுருக்கம் விழச் செய்கிறது. இந்த இரண்டாம் வகை சாதாரணச் சன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வரும். இவற்றைத் தடுக்கும் பூச்சைச் சன்ஸ்கிரீன் என்கிறோம். அதன் மேல் எஸ்.பி.எஃப். என்று ஓர் எண் இருக்கும். 15 என்றிருந்தால் தோலைச் சுடும் கதிர்களுள் நூற்றுக்கு 93 பங்கு தடுக்கப்படும். 30 என்றால் 97. 50 என்றால் 98. எண் ஏற ஏற விலை ஏறுகிறதே தவிர, பயன் அதே அளவில் ஏறுவதில்லை என்பதைக் கணக்குத் தெரிந்த நீங்கள் எளிதில் காண்பீர்கள். 30 நமக்குப் போதும். ஆனால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்குப் பிதுக்கி எடுத்து, முகத்திலும் கழுத்திலும் பூச வேண்டும். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும்.

அதை வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. குடையும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் மர நிழலும் எக்காலத்தும் நம்பத்தக்க காவலர்கள். முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை இவற்றை மறவாதிருங்கள்.

இனி, உங்கள் வயதினரைப் பெரிதும் வருத்தும் பருவைப் பற்றிச் சொல்கிறேன். பருவ வயதில் உடலில் சுரக்கும் சில சுரப்புகளால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாக வேலை செய்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த அணுக்களும் நுண்துளையை அடைக்க, அங்கே ஒருவகைக் கிருமி பெருகி வீக்கம் உண்டாகிறது. பரு வந்தவரைச் சுத்தமில்லாதவர் என்று இகழ்வது அறியாமை. கிள்ளாதீர்கள், கிள்ளினால் வடு நிலைத்துவிடும். எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் போவது தோலைப் புண்ணாக்கும், பற்பசையும் மருந்தாகாது. பென்ஸாயில் பெராக்ஸைடு போன்ற முறையான மருந்துகள் உண்டு. அவற்றின் பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பொறுமையோடு காத்திருக்க வேண்டும். பரு பெரிதாகி வலித்தாலோ, வடு விழத் தொடங்கினாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இப்பொழுது, இன்றைய பேச்சில் நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி தன் தாயாருடன் என்னிடம் வந்தாள். கன்னங்கள் செக்கச் சிவந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் நூல்போல் வெளியே தெரிந்தன. மேவாயில் மென்மயிர் வளர்ந்திருந்தது. வீட்டில், தமக்கையைவிட அவள் கறுப்பு என்று யாரோ சொன்னார்களாம். தோழி ஒருத்தி சொல்லக் கேட்டு, கடையொன்றில் சிறு குழாய்க் களிம்பு வாங்கி ஓராண்டாகப் பூசி வந்தாள். "முதல் மாதம் நன்றாகத்தான் வெளுத்தது, டாக்டர். இப்போது நிறுத்தினால் எரிகிறது, பூசினால் அடங்குகிறது" என்றாள். அவள் பூசியது ஸ்டீராய்டு கலந்த மருந்து. சில தோல் நோய்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், சில நாட்களுக்கு மட்டும் பூசத்தக்கது அது. அழகுக்கென்று மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, அம்மருந்துக்கே அடிமையாகிவிடும். அந்தப் பெண் தேறுவதற்குப் பல மாதங்கள் ஆயின. நூல்போன்ற அக்குழாய்களுள் சில இன்னும் மறையவில்லை.

2018ஆம் ஆண்டில், 14 வகை ஸ்டீராய்டுகள் அடங்கிய பூச்சுகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று இந்திய அரசு விதித்தது. விதி இருந்தாலும், கேட்டு வாங்குபவர் இருக்கும்வரை விற்பவரும் இருப்பர். வெளுப்பூட்டும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசமும் கலந்திருக்கும்; அது தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையின்படி, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை உற்பத்தி செய்வதற்கு 2020 முடிவே எல்லையாக வைக்கப்பட்டது. ஆகவே, உள்ளடக்கமும் தயாரித்தவர் முகவரியும் அச்சிடப்படாத டப்பியைத் தொடாதீர்கள்.

நிறத்தைப் பற்றி விஞ்ஞானம் கூறும் ஓர் உண்மையையும் கேளுங்கள். கரியவர்க்கும் வெளியவர்க்கும் நிறம் தரும் அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறப்பொருளின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு உள்ளது. அந்த மெலனின் வெயிலுக்கு எதிராக இயற்கை நமக்குப் பிடித்திருக்கும் குடை. நம் தலைக்கு மேலுள்ள குடையை நாமே கிழித்தெறிந்துவிட்டு, பணம் கொடுத்து வேறு குடை தேடுவது அறிவுடைமையாகுமா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உடலில் எங்கேனும் வெளிறிய தேமல் தோன்றி, அவ்விடத்தில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால், களிம்பு தேடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதற்குரிய கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. காலத்தே உண்டால் முற்றிலும் குணமாகும். அரிப்போடு வட்டமாகப் பரவும் படர்தாமரைக்கும் கடைக்காரரிடம் மருந்து கேளாதீர்கள். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் துவாலையையும் சீப்பையும் பிறரோடு பகிராதிருப்பது நலம்.

சுருங்கச் சொன்னால், காலையில் முகம் கழுவி, ஈரங்காக்கும் பூச்சிட்டு, வெயில் காப்புப் பூச்சிடுங்கள். இரவில் கழுவி, மீண்டும் ஈரங்காக்கும் பூச்சிடுங்கள். இதற்குக் காலையில் ஐந்து நிமிடமும் இரவில் மூன்று நிமிடமும் போதும். நான்கு வாரங்கள் தவறாமல் செய்து பாருங்கள். உங்கள் நிறம் மாறாது. மாற வேண்டியதும் இல்லை. எரிச்சலும் அரிப்பும் வெடிப்புமின்றி, பல்லாண்டுகள் உங்களைக் காத்து நிற்கும் நலமான தோல் உங்களுக்கு வாய்க்கும். அடுத்த முறை உங்கள் தோழியோ தம்பியோ வெளுப்பூட்டும் களிம்பொன்றைக் கையிலெடுத்தால், அதன் உறையை வாங்கி ஒரு முறை படித்துக் காட்டுங்கள். நீங்கள் செய்யும் பேருதவி அதுவாகவே இருக்கலாம்.