பழைய மென்பொருளுக்காகப் பூட்டைக் கழற்றலாமா?

(போடிநாயக்கனூர் பகுதி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் அல்ல, அறிவியல் ஆசிரியர். எங்கள் பள்ளியின் கணினி அறைச் சாவி என்னிடம் இருப்பதால், கணினியின் தொல்லைகளும் என்னிடமே வந்து சேர்கின்றன. எங்கள் பிள்ளைகள் பலருடைய பெற்றோர் விடியும் முன்பே ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகள் கணினியைத் தொடுவது பள்ளியில் மட்டும்தான். ஆகவே ஒரு மென்பொருள் ஓடவில்லை என்றால் எனக்கு அது சின்ன விஷயம் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன், குறுந்தகட்டில் இருந்த பழைய அறிவியல் மென்பொருள் ஒன்றை விண்டோஸ் 7 கணினியில் போட்டேன். திறந்த மறுநொடியே மூடிக்கொண்டது. ‘டேட்டா எக்ஸிகியூஷன் பிரிவென்ஷன்’, சுருக்கமாக ‘டெப்’, அதைத் தடுத்ததாக அறிவிப்பு வந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி ஒரே கட்டளையில் டெப்பைக் கணினி முழுவதற்கும் நிறுத்தினேன். மென்பொருள் ஓடியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் செய்தது தவறு என்று பிறகுதான் புரிந்தது.

டெப் என்ன செய்கிறது? விடைத்தாளின் நடுவே ஒரு மாணவன், ‘திருத்துபவர் நூற்றுக்கு நூறு போடவும்’ என்று எழுதியிருந்தால் நாம் படிப்போம், சிரிப்போம், கீழ்ப்படிய மாட்டோம். விடைத்தாள் வெறும் தகவல். நமக்குக் கட்டளை விடைக்குறிப்புதான். கணினி நினைவகத்திலும் தகவலும் கட்டளையும் அருகருகே இருக்கின்றன. தகவல் பகுதியில் கட்டளை எழுதியிருந்தாலும் அதை நிறைவேற்றாதே என்பதே டெப்.

இது ஏன் தேவைப்பட்டது? 50 கிலோ சாக்கில் 60 கிலோ காயைக் கொட்டினால் மீதி பக்கத்தில் சிதறும். அதுபோல, ஒதுக்கிய இடத்துக்கு மேல் தகவலைத் திணித்து, வழியும் பகுதியில் தன் கட்டளையை ஒளித்து வைப்பது வைரஸ் எழுதுபவர்களின் பழைய தந்திரம். 2003 ஆகஸ்டில் உலகெங்கும் கணினிகளைத் தாக்கிய ‘பிளாஸ்டர்’ இவ்வழியில்தான் நுழைந்தது. அடுத்த ஆண்டு, 2004 ஆகஸ்டில், விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 டெப்பைக் கொண்டுவந்தது.

அப்படியானால் நல்ல மென்பொருளும் ஏன் மாட்டுகிறது? பழைய மென்பொருள்கள் சில, ஓடும்போதே தகவல் பகுதியில் கட்டளைகளை எழுதி அங்கிருந்தே இயக்கும். அந்தக் காலத்தில் அதைத் தடுக்க யாருமில்லை. எழுதியவரிடம் கெட்ட எண்ணமில்லை. ஆனால் காவலுக்கு நல்லவரும் திருடரும் ஒன்றுபோலத் தெரிகிறார்கள்.

நான் பூட்டைக் கழற்றிய அதே கணினியில்தான் மாணவர் விவரங்களையும், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண்களையும் பதிவு செய்தோம். எல்லோருடைய பென்டிரைவும் அதில்தான் செருகப்பட்டது. ஒரு பாடத்துக்காக நான் பணயம் வைத்தது அந்த ஏழைக் குடும்பங்களின் விவரங்களை. இது உறைத்த அன்றே டெப்பை மீண்டும் இயக்கினேன்.

பிறகு சரியான வழியைக் கற்றேன். முதலில் மென்பொருளின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் வழியே டெப் பக்கத்துக்குப் போய், ‘நான் தேர்ந்தெடுப்பவை தவிர மற்ற அனைத்துக்கும்’ என்பதைத் தேர்ந்து, அந்த ஒரு மென்பொருளை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். நம்பகமான இடத்திலிருந்து வந்ததென்றால் மட்டும். 32 பிட் மென்பொருளுக்கே இந்த விலக்கு கிடைக்கும். 64 பிட் மென்பொருளுக்குக் கிடையாது.

எல்லாப் பழியையும் டெப் மீது போடவும் கூடாது. மேல்நிலை வகுப்பில் பலரும் பழகிய டர்போ சி++ 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. காரணம் வேறு: அது 16 பிட் டாஸ் மென்பொருள், 64 பிட் விண்டோஸ் அந்த வகையை ஏற்பதே இல்லை. டெப்பை நிறுத்தினாலும் பயனில்லை. டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளுக்குள் அதை ஓட்டலாம். அல்லது டெவ் சி++ போன்றவற்றுக்கு மாறலாம்.

இந்தச் சிக்கல் முடிந்துவிடவில்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு நின்றது. விண்டோஸ் 11-இல் ‘மெமரி இன்டக்ரிட்டி’ என்ற இன்னொரு காவல் இருக்கிறது. பழைய ஸ்கேனர் போன்ற கருவிகளின் டிரைவர்களை அது தடுக்கக்கூடும். அப்போதும் ‘அதை நிறுத்திவிடுங்கள் சார்’ என்று யாராவது சொல்வார்கள். முதலில் புதிய டிரைவரைத் தேடுங்கள்.

மென்பொருள் ஓடாதபோது அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். எந்தக் காவல், எதைத் தடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய அமைப்பைக் கணினி அறைப் பதிவேட்டில் தேதியுடன் எழுதுங்கள். நாம் மாறுதலாகிப் போனாலும் அடுத்து வருபவருக்கு அது உதவும். ஒருவர் உள்ளே வர ஒரு கதவைத் திறந்தால் போதும். வீட்டின் பூட்டுகளை எல்லாம் கழற்ற வேண்டியதில்லை.