ஆற்றியிருத்தல்

  

தொல்காப்பிய நெறிப்படி முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். இரு திணைகளிலும் தலைவன் அருகில் இல்லை. இரு திணைகளிலும் தலைவி காத்திருக்கிறாள். முல்லைத் தலைவி, கார்காலத்தில் வருவேன் என்று அவன் சொன்ன சொல்லைப் பற்றிக்கொண்டு ஆற்றியிருக்கிறாள். நெய்தல் தலைவியோ ஆற்றாது இரங்குகிறாள். இந்தப் பழைய பாகுபாடு, மருத்துவச் சோதனைக்கு நாள் குறிக்கப்பட்டு வீட்டில் காத்திருக்கும் இன்றைய மனிதருக்கும் பொருந்துவதாகும்.

ஆத்தூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஐம்பது வயது கடந்த உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சில வாரங்களாக மலத்தோடு இரத்தம் போகிறது, வெளிக்குப் போகும் முறை மாறிவிட்டது, உடம்பும் இளைத்திருக்கிறது. திண்டுக்கல்லில் மருத்துவர் பார்த்துவிட்டு, பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் விரைவில் பார்த்துவிட வேண்டும் என்கிறார். 'விரைவில்' என்ற அந்த ஒரு சொல் அவரோடு பேருந்தில் ஏறிச் செம்பட்டி வழியாக வீடு வரை வருகிறது. மனைவி கேட்டால், 'ஒண்ணுமில்ல, சூடுதான்' என்கிறார். அன்றிரவு இருவருக்கும் உறக்கமில்லை.

கெட்ட செய்தியைக் காட்டிலும், செய்தி தெரியாமை மனத்தை மிகுதியாக வருத்துகிறது. 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இதனைச் சோதித்துப் பார்த்தனர். சிறு மின்னதிர்ச்சி உறுதியாக வரும் என்று அறிந்திருந்த பொழுதைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்றிருந்த பொழுதிலேயே மக்கள் மிகுந்த பதற்றம் கொண்டனர். அவ்வுழவரின் இரவும் அத்தகையதே.

அச்சம் வந்தால் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்பது தமிழர் வழக்கு. அது வெறும் உவமையன்று. குடற்சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. அவை மூளையோடு இடையறாது தொடர்பு கொண்டுள்ளன. கவலை மிகுந்தால் வயிறு கலங்கும். வயிறு கலங்குவதைக் கண்டு கவலை பின்னும் மிகும். ஆயினும், இரத்தம் போவதைக் கவலையின் கணக்கில் எழுதிவிடலாகாது. அதனைச் சோதித்தே தெளிய வேண்டும்.

'விரைவில்' என்பது தீர்ப்பும் அன்று. இங்கிலாந்தில் புற்றுநோயோ என்ற ஐயத்தோடு அவசரமாகச் சோதனைக்கு அனுப்பப்படுவோரில், பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானோர்க்கு அந்நோய் இருப்பதில்லை. மூலம், ஆசனவெடிப்பு, கிருமித்தொற்று, குடலழற்சி எனக் காரணங்கள் பல. பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகள் தென்பட்டால், அவற்றுள் பலவற்றை அச்சோதனையின்போதே அகற்றிவிட இயலும். புற்றே ஆயினும், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்ற சொல் இருந்ததுபோல, காத்திருப்பவர் பற்றிக்கொள்ள இவ்வுண்மைகள் உள்ளன.

ஆனால் அவர் வாய் திறந்தாலன்றோ இவற்றை எவரும் எடுத்துச் சொல்ல இயலும்? நெஞ்சுவலியை ஊரறியச் சொல்லும் மனிதர், மலத்தில் இரத்தம் என்றால் கூசி நிற்கிறார். மூலத்தையும் பௌத்திரத்தையும் அறுவையின்றித் தீர்ப்பதாகக் கூறும் சுவரொட்டிகள் பேருந்து நிலையச் சுவர்களில் இந்தக் கூச்சத்தை நம்பியே ஒட்டப்படுகின்றன. மறைவாக மருந்து வாங்கி உண்டு மாதங்களைக் கழித்தபின் மருத்துவமனைக்கு வருவோர் உளர்.

தமிழ்ப் பாட்டுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. சமணப் பள்ளியில் தருமசேனராக விளங்கியவரைச் சூலைநோய் பற்றியபோது, அவர் தம் தமக்கை திலகவதியார்க்கு ஆள் அனுப்பினார் என்கிறது பெரியபுராணம். பின்பு இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து அவர் அடிபணிந்தார். அங்கே பாடிய பதிகத்தில் குடரைப் பெயர் சொல்லியே குறித்தார். அதுவே நான்காம் திருமுறையின் முதற் பதிகம். திருவருளால் நோய் தீர்ந்தது என்பது அடியார் கொள்கை. கவிஞர் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு: நாவுக்கரசர் என்னும் பெயர் பெற்றவரின் முதற்பாட்டே, வயிற்றின் துன்பத்தை வாய்விட்டுச் சொன்ன பாட்டாகும்.

அண்மை வரலாற்றிலும் ஒரு தமக்கை உண்டு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடற் புற்றுநோயால் மறைந்தார். பெருங்குடல் முழுவதையும் உள்ளிருந்து காணும் வளையும் கருவி அந்நாளில் இல்லை. 1960களின் இறுதியிலேதான் அது வழக்குக்கு வந்தது. அந்த இழப்பை முத்துலட்சுமி அம்மையார் வீட்டுத் துயரமாகப் பூட்டி வைக்கவில்லை. முப்பதாண்டுகள் உழைத்து, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அங்கே காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கையின் நோய் வழிவிட்டிருக்கிறது.

முல்லைத் தலைவி தனியாக ஆற்றியிருக்கவில்லை. உடன் தோழி இருந்தாள். நோயுற்றவர்க்கும் ஒரு தோழமை வேண்டும். அது மனைவியாகலாம், மகனாகலாம், அடுத்த வீட்டு அண்ணனாகலாம். 'ஒன்றும் இருக்காது' என்று வாக்களிப்பது அவர் வேலையன்று. இரத்தம் போன நாள்களையும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் உடனிருந்து தாளில் குறிக்கலாம். முந்தின நாள் நீராகாரத்தோடு பேதிமருந்து குடித்து வயிற்றைக் கழுவும் பொழுதில் துணையாகலாம். திசு எடுத்தால், முடிவு வரச் சில நாள் ஆகும் என்பதை நினைவூட்டலாம். அந்நாள்களில் அவரைத் தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ச்ச அழைத்துப் போகலாம். இரத்தம் மிகுதியாகக் கொட்டினாலோ, வயிறு உப்பி வாந்தியும் தாங்கொணா வலியும் கண்டாலோ, குறித்த நாளுக்குக் காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பத்தாண்டுகளாக இவ்வட்டம் சொல்லின் அழகைப் போற்றி வந்திருக்கிறது. இம்மலரைப் படிக்கும் ஒருவர், இன்றிரவு தம் வீட்டாரிடம் 'எனக்கு இப்படி இருக்கிறது' என்று சொல்லத் துணிவாராயின், அப்பணிக்கு அதுவும் ஒரு பயனாகும்.