தோள் நாணுக்கு ஒட்டு வைக்கலாமா?

(நாயாற்றில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



1958க்கும் 1977க்கும் பிறகு மலையிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல. மலையில் நம்மவர்கள் கொழுந்தைத் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிகிறார்கள். இங்கே கரைவலை இழுக்கிறீர்கள். இரண்டிலும் தேய்வது தோள்தான்.

தோள்மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் இருக்கின்றன. அவற்றின் நாண்கள்தான் கை எலும்பின் தலையைப் பிடித்து வைத்திருப்பவை. நாண் அறுந்தால் தலைவாரக் கை தூக்க முடியாது, இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்கவும் முடியாது. எல்லாருக்கும் ஒப்பரேசன் தேவையில்லை. பலருக்குப் பயிற்சியே போதும்.

ஒப்பரேசனில் நாணை எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். தையல் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். நாண் எலும்போடு சேர்ந்து வளர மாதங்கள் ஆகும். அறுவு பெரிதாக இருந்தால், வயது போயிருந்தால், சீனி வருத்தம் இருந்தால், தைத்த இடம் மறுபடி விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. அதற்காகத்தான் தையலுக்கு மேல் ஒட்டு வைக்கும் யோசனை வந்தது. இறந்தவர் தானமாகத் தந்த தோலிலிருந்து உயிரணுக்களை அகற்றிவிட்டு, மிஞ்சுவதை நாணுக்கு மேல் வைத்துத் தைப்பார்கள். நமது நாட்டிலும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் திசுத் தானத்துக்கு இடம் தருகிறது. ஜப்பானில் மிஹாட்டா என்ற டொக்டர், தைக்கவே முடியாத தோள்களுக்கு நோயாளியின் சொந்தத் தொடையிலிருந்து எடுத்த சவ்வை வைத்தார்.

பலன் உண்டா? 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பெரிய அறுவுள்ள 42 பேர் இருந்தார்கள். பிறகு ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது, மனிதத் தோல் ஒட்டு வைத்தவர்களில் 100க்கு 85 பேருக்கு நாண் பிடித்திருந்தது. வைக்காதவர்களில் 40 பேருக்குத்தான். ஆனால் 2006இல் பன்றிக் குடலின் சவ்வை வைத்துப் பார்த்த ஆய்வில் கதை மாறிவிட்டது. ஒட்டு வைத்த 15 பேரில் 4 பேருக்கே ஆறியது, வைக்காத 15 பேரில் 9 பேருக்கு ஆறியது!

ஆகவே ஒட்டு என்றவுடன் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். எதிலிருந்து எடுத்த ஒட்டு? என் அறுவு எவ்வளவு பெரிது? ஒட்டில்லாமல் தைத்தால் என்ன? டொக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

எந்த ஒட்டு வைத்தாலும் நாலு முதல் ஆறு கிழமை கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட வேண்டும். பாரம் தூக்க ஆறு மாதமளவு பொறுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை யார் தருவது? பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. மூன்றாம் மாதமே கூடை முதுகில் ஏறும், தையல் விடும். இதுதான் என் கோபம். எவ்வளவு நல்ல ஒட்டும் இதற்கு ஈடு கொடுக்காது.

வேலையில் விழுந்து அறுந்ததென்றால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அன்றைக்கே பதிய வையுங்கள். வருடக்கணக்கில் தேய்ந்து அறுந்ததற்கு வாதாடுவது கஷ்டம். அதனால்தான் ஒப்பரேசன் செய்தவர்களுக்குப் பாரமில்லாத வேலையும் முழுப் பேரும் கேட்கிறோம்.

எத்தனை மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டரிடம் துண்டு எழுதி வாங்குங்கள். ஒரு பிரதியைக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். துரையோடோ சம்மாட்டியோடோ பேசுவது சங்கத்தின் வேலை.