இழுக்கும் வண்டியும் இழுபடும் பாரமும்

ஐப்பசி பிறந்து கரும்பு வெட்டுத் தொடங்கிவிட்டால், கோலாப்பூர், சாங்கலி, சாத்தாரா வட்டாரத்துச் சாலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். டிராக்டர் ஒன்று முன்னே உறுமிக்கொண்டு செல்லும். அதன் பின்னே ஒன்றல்ல, இரண்டு டிரெயிலர்கள், கரும்புக் கட்டுகள் வீட்டுக் கூரை உயரம் எழும்பி நிற்க, அசைந்து அசைந்து வரும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர், மீரட் பக்கமும் இதே காட்சிதான். பஞ்சாபிலும் அரியானாவிலும் சித்திரை மாதத்தில் கோதுமை மண்டிக்குப் போவதும் இவ்வாறே. வடக்கே இதற்கு 'ட்ராலி' என்று பெயர்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் டிராக்டர் உடையவர் சிலரே. ஆயினும் வீடு கட்ட மணலும் செங்கல்லும் வருவிப்பவர், நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டி இரவில் இச்சாலைகளைக் கடப்பவர், திருச்செங்கோட்டு ஆழ்குழாய்க் கிணற்று வண்டியோடு ஊர் ஊராகச் செல்பவர் ஆகிய பலருக்கும் இந்த ட்ராலியோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு உண்டு. ஆகவே, எந்த டிராக்டருக்கு எவ்வளவு பாரமுள்ள டிரெயிலர் பொருந்தும் என்பதை இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

விற்பவரைக் கேட்டால், "ஐம்பது குதிரைசக்தி ஐயா, பத்து டன் இழுக்கும்" என்பார். அவர் கூறுவது பொய்யன்று. நல்ல தார்ச் சாலையில், சமதரையில், காற்றடைத்த டயரில் உருளும் 1 டன் பாரத்தை நகர்த்திச் செல்ல ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான இழுப்பே போதும். அப்படியானால் 10 டன்னுக்கு 200 கிலோ. சுமார் 2 டன் எடையுள்ள ஒரு டிராக்டரின் பின் சக்கரங்கள் உலர்ந்த சாலையில் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இழுக்க வல்லவை. டயர் வண்டியில் பூட்டிய ஒரு சோடிக் காளைகள்கூட 1 டன்னுக்கு மேல் இழுத்துச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? இழுப்பது பெரிய காரியமன்று. நிறுத்துவதே பெரிய காரியம். 'எவ்வளவு இழுக்கும்' என்று கேட்பவர் நூறு பேர் என்றால், 'எவ்வளவை நிறுத்தும்' என்று கேட்பவர் ஒருவரும் இலர்.

கணக்கைப் பார்ப்போம். 2 டன் டிராக்டர் ஒன்று பின்னால் எதுவும் இன்றி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பிரேக்கை அழுத்தினால் ஏறத்தாழ 4 மீட்டர் தூரத்தில் நின்றுவிடும். இப்பொழுது அதன் பின்னே பிரேக் இல்லாத டிரெயிலர் ஒன்றைப் பூட்டி, டிரெயிலரும் சரக்கும் சேர்ந்து 10 டன் ஆகும்படி ஏற்றுவோம். நிறுத்த வேண்டிய எடை 12 டன். நிறுத்தும் பிரேக்கோ பழைய 2 டன் டிராக்டரின் பிரேக்கேதான். எடை ஆறு மடங்கானபடியால் தூரமும் ஆறு மடங்காகி, 24 மீட்டர் ஓடிய பிறகே வண்டி நிற்கும். வேகம் 30 கிலோமீட்டர் ஆனால் அத்தூரம் 50 மீட்டரைத் தாண்டிவிடும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைக்கும் நேரத்தில் உருண்டோடும் தூரம் இதில் சேரவில்லை. தெருவின் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே 50 மீட்டர் என்றும் இருப்பதில்லை.

இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். இருபதடிக்கு ஓரடி இறங்கும் சாலையில் 10 டன் பாரம் அரை டன் விசையோடு டிராக்டரைப் பின்னிருந்து தள்ளுகிறது. சாலை வளைவில் இவ்வாறு தள்ளினால் டிராக்டர் பக்கவாட்டில் திரும்பி, டிரெயிலரோடு மடக்குக் கத்திபோல் மடங்கிவிடும். டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் கியரை விலக்கி நியூட்ரலில் விடும் வழக்கம் சில ஓட்டுநரிடம் உண்டு. இதைவிட விலை உயர்ந்த சிக்கனத்தை நாம் அறிந்ததில்லை. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய மோட்டார்க்காரர் வழக்கு. டிராக்டருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

டிராக்டரின் பிரேக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டு டிராக்டர்களுள் பெரும்பாலானவற்றில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. அதுவும் இடப்பக்கத்துக்கு ஒரு மிதி, வலப்பக்கத்துக்கு ஒரு மிதி என இரண்டாகப் பிரிந்திருக்கும். உழும்போது வயல் கோடியில் சட்டென்று திரும்புவதற்காக அமைத்த ஏற்பாடு அது. சாலைக்கு வரும்போது இரண்டு மிதிகளையும் ஒரு தாழால் பிணைத்துவிட வேண்டும். பிணைக்காமல் வந்து, அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி நிற்காது, திரும்பும். பின்னால் பல டன் தள்ளிக்கொண்டிருக்கையில் அது எங்கே போய் முடியும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அப்படியானால் அளவு என்ன? டிராக்டர் செய்வோர் பலர் தம் கையேடுகளில் அச்சிட்டிருக்கும் விதி ஒன்று உண்டு. அமெரிக்க வேளாண் பொறியாளர் வகுத்த தரத்தைத் தழுவியது அது. பிரேக் இல்லாத டிரெயிலர் எனின், சரக்கோடு கூடிய அதன் மொத்த எடை, இழுக்கும் வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படலாகாது. வேகமும் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. டிரெயிலருக்கே பிரேக் இருக்குமாயின் நான்கரை மடங்குவரை செல்லலாம். வேகம் 40 கிலோமீட்டர். நம் 2 டன் டிராக்டருக்கு இதன் பொருள் யாது? பிரேக் இல்லையேல் 3 டன். இருந்தால் 9 டன். விற்பவர் கூறிய பத்து டன்னுக்கும் இந்த மூன்று டன்னுக்கும் உள்ள தூரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்த மூன்றிலும் டிரெயிலரின் சொந்த எடை அடக்கம்.

குதிரைசக்தியை நம்பி மோசம் போவது புதிதன்று. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துக் குடியானவர் வில்மாட் குரோசியர் என்பவர், விளம்பரத்தில் சொன்ன வேலையைச் செய்யாத டிராக்டரை வாங்கி அல்லற்பட்டார். பிறகு சட்டமன்றத்துக்குச் சென்று, சோதித்துச் சான்று பெறாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919-ல் சட்டம் இயற்றுவித்தார். அங்கே பிக்கப் வண்டிகளுக்கும் இதே கதை. இழுவைத் திறனை ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம்போல் கூறிவந்த பின், 2008-ல் தான் பொதுவான சோதனை முறை ஒன்று வகுக்கப்பட்டது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து, கொக்கியில் கிடைக்கும் இழுப்பு எவ்வளவு, பிரேக் எவ்வாறு பிடிக்கிறது என்பவற்றை அறிக்கையாக வெளியிடுகிறது. டிராக்டர் வாங்க எண்ணுவோர் குதிரைசக்தியோடு நின்றுவிடாமல் அவ்வறிக்கையையும் கேட்டுப் பார்ப்பது நலம்.

இனி, பாரத்தை ஏற்றும் விதம். நம் ஊர் மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் வைத்திருந்தனர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி காளையின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு காளையின் தொண்டையை இறுக்கும். சற்றே முன்பாரம் இருப்பதுதான் ஓட்டத்துக்கு நல்லது என்பது அவர் கண்ட உண்மை. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னே சிறு டிரெயிலரைப் பூட்டுவோருக்குக் கூறப்படும் விதியும் இதுவே: மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும். குறைந்தால் டிரெயிலர் பாம்பின் வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். பொறியாளர் எண்ணால் சொன்னதை நம் வண்டிக்காரர் மாட்டின் மூச்சைக் கொண்டு அறிந்தார்.

டிராக்டரின் பின்னே இரட்டைச் சக்கர ட்ராலியைப் பூட்டும்போது இந்த முன்பாரத்துக்கு மற்றொரு முகம் உண்டு. மொத்தம் 5 டன் எடையில் 750 கிலோ கொக்கியில் அமர்வதாகக் கொள்வோம். கொக்கியோ பின் அச்சுக்கு இரண்டடி பின்னால் இருக்கிறது. ஏற்ற மரம்போல், பின்புறம் அழுந்த முன்புறம் எழும்புகிறது. முன் சக்கரங்களில் இருந்த 800 கிலோவில் 200 கிலோவுக்கு மேல் குறைந்துபோகிறது. பத்தடிக்கு ஓரடி ஏறும் மண்பாதையில் இழுக்கும்போது மேலும் குறைந்து, ஏறக்குறைய பாதிதான் எஞ்சும். சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி திரும்ப மறுப்பது இதனாலேயே. கொக்கியை உயர்த்திப் பூட்டினாலோ டிராக்டர் முன்கால் தூக்கிய குதிரைபோல் எழும்பி, ஓட்டுபவர்மேலேயே கவிழும். உற்பத்தியாளர் அமைத்த தாழ்ந்த இடத்தில் அல்லாமல் வேறெங்கும் பூட்டுவது தகாது. நான்கு சக்கர டிரெயிலர் கொக்கியில் பாரம் வைப்பதில்லை. ஆனால் அதனைப் பின்னோக்கிச் செலுத்துவது தனிக் கலை.

ஏற்றிய எடையைக் கண்ணால் மதிப்பதும் பெருந்தவறு. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரமுள்ள பெட்டியில் 120 கன அடி கொள்ளும். அதை உலர்ந்த மணலால் நிரப்பினால் ஐந்தரை டன் அளவில் நிற்கும். மழையில் நனைந்த மணலாயின் ஆறரை டன்னையும் எட்டும். அதே பெட்டியில் வைக்கோலை நிரப்பினால் அரை டன்கூட ஆகாது. செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. 2,000 செங்கல் என்றால் 6 டன். வைக்கோலுக்கென்று பக்கப் பலகைகளை உயர்த்திக் கட்டிய ட்ராலியில், பலகை இருக்கிறதே என்று மணலையும் விளிம்புவரை அள்ளிப் போடுகிறார்கள். பலகைக்கு எடை தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, அனுமதித்த எடையை மீறினால் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம்.

இரவைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழி, தை மாதங்களில் பஞ்சாப் முதல் பீகார்வரை மூடுபனி இறங்கும். பின்விளக்கும் ஒளி மீளும் பட்டையும் இல்லாத ட்ராலி அப்பனியில் நின்றால், பின்னே வரும் லாரிக்காரருக்கு அது ஒரு சுவர். கரும்புக் கட்டு விளக்கை மறைத்துக்கொண்டு தொங்குவதும் இதே ஆபத்துத்தான்.

கடைசியாக, சரக்கு மனிதராக இருக்கும் நிலை. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டத்துக் கோயிலுக்குச் சென்று திரும்பிய ட்ராலி ஒன்று, கான்பூர் மாவட்டத்துக் காட்டம்பூர் அருகே குளத்தில் கவிழ்ந்தது. 20-க்கு மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரி 24-ஆம் தேதி, மாசிப் பௌர்ணமி நீராடலுக்காகக் கங்கைக்குச் சென்றவர்களின் ட்ராலி காஸ்கஞ்சில் இதேபோல் குளத்தில் விழுந்தது. அங்கும் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நாற்பது பேர் சேர்ந்தாலும் இரண்டரை டன்தானே, மணலைவிடக் குறைவாயிற்றே என்று கேட்கலாம். மணல் பெட்டியின் அடியில் கிடக்கும், மனிதர் நின்றுகொண்டிருப்பர். பாரத்தின் மையம் உயர உயர வண்டி கவிழ்வது எளிதாகும். மேலும் வளைவில் அனைவரும் ஒரு பக்கமாகச் சாய்வர். மணலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. உட்காரப் பலகை இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை, கவிழ்ந்தால் மேலே விழுவதோ ஒன்றரை டன் இரும்பு. சரக்குக்கென்று பதிவான வண்டி அது. அண்டை வீட்டார் அன்போடு ட்ராலியில் இடம் தந்து விழாவுக்கு அழைத்தால், "பேருந்தில் வந்துவிடுகிறோம்" என்று நம் மக்கள் சொல்லலாம். குழந்தைகளை மட்டுமாவது ஏற்றி அனுப்புவோம் என்பது அறவே கூடாது.

ட்ராலியை வாடகைக்கு அமர்த்துவோர் ஓட்டுநரிடம் சிலவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. டிரெயிலருக்குப் பிரேக் உண்டா? இல்லையெனில் மணலை இரண்டு மூன்று நடையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதிகப்படியான நடைக்குரிய டீசல் செலவை நீங்களே ஏற்பதாகவும் சொல்லுங்கள். பெரும்பாலும் தகராறு அங்கேதான். பிரேக் மிதிகளின் தாழ் பூட்டியிருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்பதைப் புறப்படுமுன் பாருங்கள். கொக்கியின் ஊசியைத் தாங்கும் சிறு பூட்டு முள்ளுக்குப் பதிலாகத் துருப்பிடித்த ஆணியோ கம்பித் துண்டோ செருகியிருந்தால், அரை மணி நேரம் ஆனாலும் சரியான முள்ளை வாங்கி மாட்டிய பின்னரே வண்டியை விடுங்கள். காப்புச் சங்கிலியையும் அப்போதே பிணைத்துவிடலாம்.