பிறீசரும் திகதியும்

பார்சிப்பனியில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் இருபது இறாத்தல் ஆட்டிறைச்சியை ஒரேயடியாக வாங்குவது சிக்கனம்தான். ஆனால் வாங்கிய பையோடு பிறீசருக்குள் தள்ளினால் கல்லாகிவிடும். ஒரு நேரக் கறிக்கு முழுவதையும் இளக்க வேண்டும்.

ஒரு நேரத்துக்கு அளவாகப் பிரித்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூளில் பிரட்டி, காற்றை வெளியேற்றிப் பையைத் தட்டையாக மூடுங்கள். மெல்லிய பொதி விரைவாக உறையும், விரைவாக இளகும். மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள்கள் தசையைக் கிழிக்கும். இளகும்போது சாறு ஒழுகி இறைச்சி சக்கையாகும். பையில் திகதி எழுதுங்கள். கணக்காளன் நான், முதலில் வந்தது முதலில் போகட்டும் என்பேன். இளக்குவது முதல்நாள் இரவே, பிறிஜ்ஜுக்குள்.

2011 ஒக்டோபர் 29 பனிப்புயலும், சரியாக ஒரு வருடத்தில் வந்த சான்டியும் நியூ ஜேர்சியில் நாட்கணக்காக மின்சாரத்தைப் பறித்தன. நிறைந்த பிறீசர், கதவு திறக்காவிட்டால் 48 மணித்தியாலம் தாங்கும்; பாதி நிறைந்தது 24. பனித்துகள் மிஞ்சியிருந்தால் திரும்ப உறையவைக்கலாம். 40 பாகை பரனைற்றுக்கு மேல் இரண்டு மணித்தியாலம் கிடந்ததென்றால் மணந்து பார்க்கவும் வேண்டாம், குப்பைக்குத்தான். பங்கீட்டுக்கு வரிசையில் நின்ற நமக்கு எறிய மனம் வராது, தெரியும். என்றாலும் எறியுங்கள்.