மரம் நடுவதற்கு முன் மண்ணைக் கேளுங்கள்



மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், நம் பூச்சோங் வட்டாரத்தில் சில மாதங்கள் சும்மா கிடக்கும் எந்த நிலத்திலும் முதலில் குடியேறுவது லாலாங் புல்தான். தோட்டத்தில் வேலை செய்த நம் பெரியவர்களுக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும். வெட்டினால் துளிர்க்கும். கொளுத்தினால் இன்னும் செழித்துத் துளிர்க்கும். மேலே எல்லாம் கருகினாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டு பத்திரமாக இருக்கும். அதனால்தான் ரப்பர்த் தோட்டங்களில் மருந்து தெளித்ததோடு நிற்காமல், கன்றுகளுக்கு இடையே கொடிப்பயிரைப் படரவிட்டார்கள். வெயில் கிடைக்காத இடத்தில் லாலாங் தலைதூக்காது.

சிலாங்கூரில் சிதைந்துபோன ஒரு காட்டை இப்போது மீட்டு வருகிறார்கள். அங்கும் நிழல்தான் கைகொடுக்கிறது. அந்தக் காடு பெஸ்தாரி ஜெயாவை ஒட்டி இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால் பலருக்கு உடனே விளங்கும். ராஜா மூசா வனக்காப்பகம் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 81,000 ஹெக்டர் பரப்புள்ள வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டின் ஒரு பகுதி அது.

அங்குள்ள மண்ணை மலாயில் காம்புட் என்கிறார்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வடியும். உள்ளங்கையில் மிஞ்சுவது மக்காத இலையும் சுள்ளியும் வேரும்தான். அந்த மண்ணில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த மரமும் இலையும் நீரில் மூழ்கி, அழுகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து மண்ணாகியிருக்கின்றன. உலக நிலப்பரப்பில் இத்தகைய மண் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஆனால் உலகின் எல்லாக் காட்டு மரங்களும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அதில் அடங்கியிருக்கிறது.

ராஜா மூசா காட்டுக்குள் நுழைந்த ஆக்கிரமிப்பாளர்கள் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். மரங்களைச் சாய்த்தார்கள், தீ வைத்துப் பயிர் செய்தார்கள். நீர் வடிந்த காம்புட் மண் விறகாகிவிடும். அதில் பற்றும் தீ மண்ணுக்குள் இறங்கிக் கனன்றுகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் அடித்தாலும் சுலபத்தில் அடங்காது. வெந்த நிலத்தில் லாலாங்கும் பெரணியும் மண்டும். அடுத்த வறட்சியில் அவையே காய்ந்து மீண்டும் தீக்கு இரையாகும். அந்தப் புகை எப்படிப்பட்டது என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குத் தெரியாததல்ல. கிள்ளான் ஜொஹான் செத்தியாவில் காம்புட் நிலம் எரியும்போதெல்லாம் காற்றின் தரம் கெட்டுப்போவதைச் செய்தியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

2008இல் சிலாங்கூர் வனத்துறை ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்றியது. குளோபல் என்வைரன்மென்ட் சென்டர் என்ற அரசு சாரா அமைப்போடு சேர்ந்து மீட்புப் பணியைத் தொடங்கியது. அவர்கள் முதலில் கை வைத்தது கன்றிலல்ல, கால்வாயில். குறுக்கே தடுப்புகள் கட்டி, ஓடிய நீரை நிற்கவைத்தார்கள். நீர்மட்டம் ஏறியதும் மண் நனைந்தது. நனைந்த மண்ணில் தீ பற்றுவது கடினம். அதற்குப் பிறகே நடவு.

நடவுக்கு அவர்கள் பெரிதும் நம்பியது மாஹாங் மரத்தை. அகன்ற இலை, வேகமான வளர்ச்சி, ஈரத்தைத் தாங்கும் வேர். தொண்டூழியர்களும் நிறுவன ஊழியர்களும் பள்ளி மாணவர்களும் லாலாங்கை வெட்டி ஒதுக்கி, குழி தோண்டி, கன்றை நட்டார்கள். மாஹாங் வளர்ந்து நிழல் பரப்பினால் கீழே லாலாங் நலிகிறது. கிளையில் வந்து உட்காரும் பறவைகள் வேறு மரங்களின் விதைகளைக் கொண்டுவந்து போடுகின்றன. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் மாணவர்களைக் காட்டின் இளம் காவலர்களாகப் பயிற்றுவிக்கும் திட்டமும் நடக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே ஓர் அதிசயம் உண்டு. கடுந்தேநீர் நிறத்தில் கிடக்கும் அந்த நீரில் பெத்தா லிவிடா என்ற சிறிய சிவப்புச் சண்டை மீன் வாழ்கிறது. 1992இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. இத்தகைய சதுப்பு நீர்தான் அதன் உலகம். அந்த நீர் வற்றினால் அதற்கு வாழ்விடம் இல்லை.

அப்படியானால் புல் இருக்கும் இடத்திலெல்லாம் மரம் நட்டுவிடலாமா? கூடாது. தமிழ்நாட்டின் பழனி மலைக்குப் போனால் கதை தலைகீழாக இருக்கிறது. கொடைக்கானலைச் சுற்றியுள்ள உச்சிகளில் இயற்கையாக இருந்தது புல்வெளி. சோலைக்காடுகள் பள்ளங்களில் மட்டும் இருந்தன. அந்தப் புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து வாட்டில், தைலம், பைன் மரங்களை நட்டார்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக ஆய்வு காட்டுகிறது. நட்ட மரங்களோடு உழவும் அதற்குக் காரணம். புல்வெளி போனால் நெட்டைக்காலிக் குருவிக்குக் கூடு கட்ட இடமில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் இருந்த வரையாடுகள் 1,031 மட்டுமே. அங்கே வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் மண்ணின் செடிகளையும் புல்லையும் நாற்றுவிட்டுக் காப்பாற்றி வருகின்றன. அந்த மலையில் அந்நிய மரத்தை அகற்றுவதுதான் இயற்கைக்குச் செய்யும் தொண்டு.

ராஜா மூசாவில் புல்லை விலக்கி மரம். பழனியில் மரத்தை விலக்கிப் புல். இரண்டுமே சரி, ஏனென்றால் இரண்டு இடத்திலும் மனிதன் கை வைப்பதற்கு முன் அந்த நிலம் என்னவாக இருந்தது என்று கேட்ட பிறகே மண்வெட்டியைத் தூக்கினார்கள்.

இந்தக் கேள்வியை நம் பூச்சோங்கிலும் கேட்க வேண்டும். இங்கே ஈயக்குட்டைகளும் தோட்டங்களும் வருவதற்கு முன் இருந்தது தாழ்நில மழைக்காடு. அதன் மிச்சம்தான் ஆயர் ஹீத்தாம் காடு. 1906இல் காப்புக் காடாக்கியபோது 4,000 ஹெக்டருக்கு மேல் இருந்தது. இன்று ஏறத்தாழ 1,200 ஹெக்டர். புத்ரா பல்கலைக்கழகம் அதைக் கல்விக் காடாகப் பராமரிக்கிறது. நமக்குத் தெற்கே, வட கோலா லங்காட் சதுப்புக் காட்டின் ஒரு பகுதி 2021இல் காப்புநிலையை இழந்தது. பூர்வகுடி தெமுவான் மக்களும் பொதுமக்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. இருப்பதைக் காப்பாற்றுவதும் மீட்புப் பணியில் சேர்த்திதான். ஒருமுறை அழித்ததை மீட்பதைவிட அது எவ்வளவோ எளிது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் மரம் நடப் போனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது? நடப்போகும் கன்று அந்த மண்ணுக்குரியதா? நட்ட பிறகு களை எடுக்கவும் பட்டுப்போன கன்றுக்கு மாற்று நடவும் யார் வருவார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், அந்தப் பொறுப்பை உங்கள் பள்ளியே ஏற்கட்டும். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் அந்தக் கன்றை லாலாங் விழுங்கிவிடும். பக்கத்து மனையில் லாலாங் வளர்ந்து கிடந்தால் தயவுசெய்து கொளுத்தாதீர்கள். சில்லைக் குருவிகளுக்கு அதில் இரை இருக்கிறது. காற்றோ நம் எல்லோருக்கும் பொது.